கேமராவோடு சென்னையின் காபிக்கடைகளும் கட்டடங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கட்டடம் எடுக்கத் தோதான வெயில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் தேறினால் பெரிது. மீதி நேரம் கண்ணைக் கூசும் உச்சி வெயில். அந்த நேரத்துக்குத்தான் காபிக்கடை. வெளியே வெயில் திரும்பும்வரை உள்ளே உட்கார்ந்து ஆற்றும் காபியையும் பழைய கூரையையும் எடுக்கலாம். இரண்டையும் சேர்த்துத் திட்டமிட்டால் ஒரு நாள் வீணாகாது. போனில் எடுப்பவர்களுக்கும் இங்கே உள்ள பெரும்பாலான பதில்கள் பொருந்தும்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

ஜூன் தொடக்கத்தில் சூரியன் சுமார் 5.45க்கே வந்துவிடும். ஜனவரியில் 6.35 ஆகும். உதயத்திலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் முதல் தரமான ஒளி. மாலையில் நாலரை மணியிலிருந்து மறுபடி எடுக்கலாம்.

ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நடுப்பகலில் சூரியன் சென்னைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது சன்ஷேடின் நிழல் அப்படியே கீழே விழுந்து சுவரில் கறுப்புப் பட்டையாக ஒட்டிக்கொள்ளும். சுதை வேலைப்பாடு எதுவும் தெரியாது. இதை எடிட்டிங்கில் சரிசெய்ய முடியாது. பத்து மணிக்குள் வெளி வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கட்டடத்துக்கு எந்த நேரம்?

கட்டடத்தின் முகம் எந்தத் திசை என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

காமராஜர் சாலையின் பழைய கட்டடங்கள் சாலையின் மேற்குப் பக்கத்தில், கடலைப் பார்த்து நிற்பவை. 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ்கட்டிகளைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ் (இப்போது விவேகானந்தர் இல்லம்), 1870இல் வந்த மாநிலக் கல்லூரி, ராபர்ட் சிசம் வடிவமைத்து 1879இல் முடித்த சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ் எல்லாமே காலை வெயிலுக்கு உரியவை. மாலையில் போனால் வானம் வெளுத்து, கட்டடம் இருட்டாக வரும். ஒரு நுணுக்கம் உண்டு. டிசம்பரில் சூரியன் தென்கிழக்கிலிருந்து எழுவதால், செனட் ஹவுஸைப் பார்த்து நிற்கும்போது வெயில் இடப்பக்கத்திலிருந்து சாய்ந்து விழும். ஜூனில் வடகிழக்கு என்பதால் வலப்பக்கம். சாய்வு வெயிலில்தான் வளைவுகளும் தூண்களும் புடைத்துத் தெரியும். எனவே ஒரே கட்டடத்தை இரண்டு பருவத்திலும் எடுத்து வைப்பது வீண் வேலை அல்ல.

1768இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையும் இதே வரிசைதான். ஆனால் பொதுப்பணித் துறைக் கட்டடம் முன்னால் நிற்பதால் கடற்கரைச் சாலையிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிடும். கடற்கரையில் நின்று அதைத் தேடி நல்ல ஒளியைத் தவறவிடாதீர்கள்.

ராஜாஜி சாலையில் சிசம் கட்டிய தலைமைத் தபால் நிலையம் (1884), கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின் பெயர் சொல்லும் ஸ்டேட் வங்கி (1897) இரண்டும் கிழக்கு முகம்தான். பாரிமுனையில் உள்ள டேர் ஹவுஸ் (1940) கிழக்கும் தெற்கும் பார்த்த மூலைக் கட்டடம். டிசம்பர், ஜனவரி காலைகளில் வெயில் நேராக அந்த மூலையில் அடிக்கும். வருடத்தில் அந்த இரண்டு மாதம்தான் அதற்கு யோகம்.

ரிப்பன் மாளிகையும் (1913) எழும்பூர் ரயில் நிலையமும் (1908) ஏறக்குறையத் தெற்கு நோக்கியவை. நவம்பர் முதல் ஜனவரிவரை காலை எட்டிலிருந்து பத்துவரையும், பிற்பகல் மூன்றிலிருந்தும் நன்றாக வரும். ஜூனில் சூரியன் நாள் முழுக்க வடக்கே ஒதுங்கிப் போவதால் முகப்பில் நேர் வெயில் பெரும்பாலும் விழாது. அப்போது இவற்றை மாலை மங்கிய பிறகு, விளக்கு போட்டதும் எடுப்பதே சரி. நம் ஊரில் அந்திக் கருநீலம் ரொம்ப நேரம் நிற்காது. சூரியன் மறைந்து பத்து நிமிடத்தில் தொடங்கி, இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இடம் பார்ப்பது, ஸ்டாண்ட் வைப்பது எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதல் முறை போகிறவருக்கு ஒரு நடைவழி?

உதயத்துக்கு ஐஸ் ஹவுஸ் முன் நில்லுங்கள். கடற்கரைப் பக்க நடைபாதையிலேயே வடக்கே நடந்து மாநிலக் கல்லூரி, செனட் ஹவுஸ் வரை வாருங்கள். எதிர்ப்பக்கம் நடப்பதில்தான் முழுக் கட்டடமும் சட்டத்துக்குள் வரும் தூரம் கிடைக்கிறது. எட்டு மணியளவில் வாலாஜா சாலை வழியாகத் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக்குத் திரும்பினால், 1948 முதல் நடக்கும் ரத்னா கஃபே. சாம்பாரில் மிதக்கும் இட்லிக்குப் பெயர்போன இடம். காபியும் அதற்குச் சளைத்ததல்ல. கூட்டம் ஏறும் நேரம் என்பதால் சாப்பிட்டு, பார்த்து, ஒன்றிரண்டு படத்தோடு எழுந்துவிடுங்கள். பின் பார்த்தசாரதி கோயில் பக்கத்துத் தெருக்களில் திண்ணை வீடுகள். பத்து மணிக்கு நிறுத்திவிடலாம்.

ஜார்ஜ் டவுனுக்குத் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒதுக்குங்கள். மற்ற நாட்களில் மீன்பாடி வண்டியும் டூவீலரும் கட்டடத்தின் கீழ்ப்பாதியை மறைத்துவிடும். ஞாயிறன்று அங்கே பல காபிக்கடைகள் மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

என்ன கேமரா, என்ன லென்ஸ்?

எந்த கேமராவும் போதும். லென்ஸ் மட்டும் யோசித்து எடுங்கள். முழுச் சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவுக்கு 24–70 மி.மீ. ஜூம் ஒன்று, அல்லது 24உம் 50உம். கடைக்குள் எஃப் 1.8 அளவுக்கு அகலத் திறந்து நிறைய ஒளி வாங்கும் 35 மி.மீ. இருந்தால் நல்லது. மூன்று லென்ஸும் பெரிய பையும் தூக்கிப்போனால் கடையில் வைக்க இடமிருக்காது. நீங்கள் கூச்சப்படாவிட்டாலும் கடைக்காரர் கலவரப்படுவார்.

போனில் 0.5 என்று வரும் அகல லென்ஸைக் கட்டடத்துக்குத் தவிருங்கள். ஓரத்துத் தூண்கள் இழுபட்டுப் பருத்துவிடும். முதன்மை லென்ஸில் பின்னால் நகர்ந்து எடுங்கள். மேல் மாடத்து வேலைப்பாட்டுக்கு எதிர்ச்சாரியில் நின்று 2 அல்லது 3 மடங்கு.

கட்டடம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் வருகிறதே?

கேமராவை அண்ணாந்து பிடிப்பதால். சென்சார் சுவருக்கு இணையாக நிற்கவேண்டும். நின்றால் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே வரும். அதற்கு எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும் என்று கணக்கே போட்டுவிடலாம்.

24 மி.மீ. லென்ஸை நெட்டுவாக்கில், மட்டமாகப் பிடித்தால், கண் மட்டத்துக்கு மேலே, நீங்கள் நிற்கும் தூரத்தில் முக்கால் பங்கு உயரம் படத்தில் அடங்கும். 1959இல் திறந்த எல்ஐசி கட்டடம் 177 அடி, அதாவது ஏறக்குறைய 54 மீட்டர். கண் மட்டம் ஒன்றரை மீட்டர் போக 52.5 மீட்டர். அதை முக்காலால் வகுத்தால் 70 மீட்டர். அண்ணா சாலையில் கட்டடத்துக்கு நேரெதிரே அது கிடைக்காவிட்டால், நடைபாதையிலேயே சாய்வாக நடந்து 70 மீட்டரை எட்டுங்கள். இரண்டு பக்கமும் தெரிவதால் படமும் தட்டையாக இருக்காது. படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தார் ரோடாக இருக்கும். அதை வெட்டிவிட வேண்டியதுதான். 35 மி.மீ. என்றால் இதே கட்டடத்துக்கு நூறு மீட்டருக்குமேல் வேண்டும்.

தூரம் கிடைக்காத இடத்தில் கொஞ்சம் அண்ணாந்து எடுத்து, லைட்ரூம், ஸ்னாப்சீட் போன்ற எடிட்டிங் செயலியில் நிமிர்த்துங்கள். நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும். ஆகவே எடுக்கும்போதே சுற்றிலும் ஐந்தில் ஒரு பங்கு இடம் விட்டு வையுங்கள். முழுக்க நிமிர்த்தினால் உயரமான கட்டடம் தலை பெருத்துத் தெரியும். துளி சாய்வை விட்டுவைப்பது கண்ணுக்கு இயல்பு.

ரிப்பன் மாளிகை சாம்பலாக வருகிறது, எழும்பூர் ஸ்டேஷன் சிவப்புக் குழம்பாக வருகிறது. ஏன்?

கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைக் கட்டடத்துக்கு எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளி அளவை) +0.7இலிருந்து +1வரை ஏற்றுங்கள். சிவப்புச் செங்கலுக்கு நேர்மாறான சிக்கல்: மாலை வெயிலில் சிவப்பு மட்டும் வழிந்து செங்கல்லின் இடுக்குகள் மறைந்துவிடும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை, அதாவது ஒளி அளவு வரைபடத்தை, கேமராவில் பாருங்கள். சிவப்பு அந்த வரைபடத்தின் வலது ஓரத்தில் முட்டினால் –0.7 குறையுங்கள்.

கடைக்குள் எடுக்க யாரிடம் கேட்பது?

கல்லாவில் இருப்பவரிடம். முதலில் காபி சொல்லிவிட்டு, கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு கேளுங்கள்: “சார், உள்ள ரெண்டு மூணு போட்டோ எடுத்துக்கட்டுமா? சாப்பிடறவங்க முகம் வராது.” பிறகு காபி போடுபவரிடம் தனியாக: “மாஸ்டர், நீங்க ஆத்துறத எடுக்கலாமா?” முதலாளி சரி என்றாலும் மாஸ்டர் தலையாட்டாமல் எடுக்காதீர்கள், முகமும் கையும் அவருடையது. எதற்கு என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். எடுத்ததை அங்கேயே காட்டி, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வந்தால் அடுத்த முறை அவரே கூப்பிட்டு நிற்கவைப்பார்.

பிளாஷ் போடக் கூடாது. கொதிக்கும் பாலுக்குப் பக்கத்தில் நிற்பவரின் கண்ணில் வெளிச்சம் அடிப்பது ஆபத்து. ஸ்டாண்டும் வேண்டாம், சர்வர் தடுக்கி விழுவார். காலை எட்டிலிருந்து பத்தும் மாலை நாலரையிலிருந்து ஆறரையும் நெரிசல் நேரம். மூன்று மணி வாக்கில் கடை ஓய்ந்திருக்கும். வெளியே வெயிலும் பெரும்பாலான மாதங்களில் அப்போது ஆகாது.

காபி ஆற்றுவதை எப்படி எடுப்பது?

நெட்டுவாக்கில் எடுங்கள். பெரும்பாலோர் செய்யும் தவறு, மேல் கை வெட்டுப்படுவது. டம்ளர் தலைக்கு மேலே போகும் என்று எதிர்பார்த்து மேலே தாராளமாக இடம் விடுங்கள். லென்ஸ் மாஸ்டரின் நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். அண்ணாந்து எடுத்தால் பின்னால் டியூப்லைட் வந்து உட்காரும்.

காபி விழும் தாரைக்குப் பின்னால் இருட்டு வேண்டும். சமையல்கட்டு வாசல், நிழல் விழுந்த மூலை, எதுவாயினும் சரி. வெள்ளை டைல்ஸ் பின்னணியில் தாரை கரைந்துபோகும். ஓர் அடி இடமோ வலமோ நகர்ந்தாலே இது சரியாகிவிடும்.

ஷட்டர் வேகம் 1/800 நொடி என்றால் தாரை முறுக்கு முறுக்காக உறைந்து, சிதறும் சொட்டும் தெரியும். 1/60 என்றால் பழுப்புப் பட்டுநூல்போல் ஒரே இழையாக வரும், கை லேசாகக் கலங்கும். கடைக்குள் 1/800 வேண்டுமென்றால் எஃப் 2.8இல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200 அல்லது அதற்கு மேலும் போகும். தயங்காதீர்கள்; புள்ளி விழுந்த படம் கலங்கிய படத்தைவிட மேல். ஃபோகஸைக் கீழ்க் கையிலுள்ள டபராவின் விளிம்பில் வைத்துப் பூட்டிவிடுங்கள். தாரையில் வைத்தால் கேமரா பின்னணிக்கு ஓடிவிடும். ஆற்றத் தொடங்கும் முன்பே அழுத்தி, தொடர்ச்சியாக எட்டுப் பத்துப் படம். தாரை மிக நீளமாக இருக்கும் கணம் கண்ணுக்குத் தெரிந்து விரல் அழுத்துவதற்குள் போய்விடும்.

டம்ளரில் என் முகமும் கேமராவும் தெரிகிறது. போலரைசர் போட்டும் போகவில்லையே?

போகாது. போலரைசர் என்பது எதிரொளிப்பைக் குறைக்க லென்ஸ் முன் மாட்டும் ஃபில்டர். உலோகத்தில் எதிரொளிக்கும் ஒளியை அது அவ்வளவாகத் தடுக்காது. கண்ணாடி, கிரானைட் மேஜை, வார்னிஷ் பூசிய மரம் ஆகியவற்றில்தான் அது வேலை செய்யும். எவர்சில்வர் டம்ளர் உருளையானதால் எதிரே உள்ள அனைத்தையும் ஒல்லியான கோடாக்கிக் காட்டும். சற்று மேலிருந்து 45 டிகிரியில் எடுத்தால் பளபளப்பில் விழுவது உங்களுக்குப் பதில் மேஜைப் பரப்பாக இருக்கும். வெளிர்நிறச் சட்டை எதிரொளிப்பில் பளிச்சென்று தெரியும். அடர்நிறம் அணிந்து போங்கள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வெள்ளைத் தாளையோ மெனு அட்டையின் பின்புறத்தையோ நிறுத்தினால், கறுத்த விளிம்பு வெளுத்து டம்ளர் உருண்டையாகத் தெரியும்.

ஆவியும் நுரையும் படத்தில் வருவதே இல்லை.

ஆவிக்குப் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வெளிச்சமும், கறுத்த பின்னணியும் வேண்டும். ஜன்னலுக்கும் உங்களுக்கும் நடுவே டம்ளரை வைத்து –0.7 குறையுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் ஆவி நிற்காது. மே மாதப் புழுக்கத்தில் ஆவியே மங்கலாகத்தான் தெரியும். மார்கழிக் காலையில் அதே காபி புகைந்து தள்ளும். நுரைக்கு அரை நிமிடம்தான் ஆயுள். காபி வருவதற்கு முன்பே இடம், ஃபோகஸ், எக்ஸ்போஷர் எல்லாவற்றையும் தண்ணீர் டம்ளரை வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

படத்தில் கோடு கோடாகக் கறுப்புப் பட்டைகள்?

எல்இடி விளக்கின் சிமிட்டல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்கு நொடிக்கு 100 முறை சிமிட்டும். ஷட்டரை 1/100, 1/50 என்று வைத்தால் பட்டை மறையும். ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில்தான் இது மிக மோசம், மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள். அப்படியானால் ஆற்றும் காபிக்கு 1/800 எப்படி? வாசல் வெளிச்சம் விழும் பக்கத்தில் நின்று பகலில் எடுப்பதுதான் வழி.

நிறம் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள்.

வாசலில் பகல் வெளிச்சம், உள்ளே விளக்கு, சுவரில் பச்சைப் பெயின்ட்: மூன்றும் கலந்தால் இப்படித்தான். ரா வடிவத்தில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுத்து, முகத்துக்கோ பாலின் வெள்ளைக்கோ நிறத்தைச் சரிசெய்யுங்கள். மற்றதை விட்டுவிடலாம்.

பழைய காபிக்கடைக்குள் கட்டடக்கலை என்று எதைப் பார்ப்பது?

முதலில் அண்ணாந்து பாருங்கள். தேக்கு உத்திரங்கள் வரிசையாக ஓடி, அவற்றின்மேல் சின்னஞ்சிறு செங்கற்கள் குத்துவாக்கில், சாய்வரிசையாக அடுக்கியிருந்தால் அது மெட்ராஸ் டெரஸ். ஓரங்குலக் கனமுள்ள செங்கல், சுண்ணாம்புக் காரை, மேலே செங்கல் ஜல்லி, அதன்மேல் தட்டோடு. கம்பி வைத்த கான்கிரீட் வருவதற்கு முன் இந்த ஊர் கண்டுகொண்ட தட்டைக் கூரை இது. இன்று புதிதாகக் கட்டுவோர் மிகக் குறைவு. பல கடைகளில் தெர்மக்கோல் சீலிங் அடித்து மூடிவிட்டார்கள். சமையல்கட்டிலோ மாடிப்படிக்கு அடியிலோ மூடாத துண்டு இருக்கும்; கேட்டுப் பாருங்கள். எடுக்கும்போது போனை மேஜையில் மல்லாக்க வைத்து, டைமர் போட்டால் உத்திரங்கள் கோணாமல் வரும்.

அடுத்து, தேய்ந்து வழவழத்த சிவப்புக் காவித் தரை, முற்றத்தை மூடிய தகரம், பர்மா தேக்கு நாற்காலி, கல்லாப் பெட்டிக்கு மேல் சாமி படம். கேமராவைக் கண் மட்டத்துக்குக் கீழே தாழ்த்தி, வாசல் வெளிச்சத்தை எதிர்த்து எடுத்தால்தான் தரையின் மெருகு தெரியும். தரைக்கும் மேஜைக்கும் போலரைசரைப் பாதி மட்டும் திருப்புங்கள். முழுக்கத் திருப்பினால் மெருகே செத்துவிடும்.

வெளியே வந்தால், 1930களிலிருந்து 50கள்வரை எழுந்த ஆர்ட் டெக்கோ முகப்புகள்: உருண்டை மூலை, அடுக்கடுக்கான கிடைப்பட்டைகள், கப்பல் ஜன்னல்போல் வட்டத் திறப்பு, சிமென்டிலேயே வார்த்த எழுத்துகள். பெயர்ப்பலகைக்குப் பின்னால் பழைய பெயர் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மயிலாப்பூரில்?

கபாலீசுவரர் கோயில் குளம் கோயிலுக்கு மேற்கே. ஆகவே ராமகிருஷ்ண மடம் சாலைப் பக்கம் நின்று, நாலு மணிக்குமேல் குளத்துக்குக் குறுக்கே எடுத்தால் கோபுரத்தில் வெயில் பொன்னாக விழும். காலையில் அங்கே நின்றால் கோபுரம் கறுப்பு நிழல்தான். காலைக்கு உரியது கிழக்கு ராஜகோபுரம். தெரு குறுகல் என்பதால் நெட்டுவாக்கில். கோயிலுக்குள் அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் கேமராவைத் தூக்காதீர்கள். மாட வீதிகளைச் சுற்றி, கொட்டை வறுத்து அரைத்துத் தரும் காபிப்பொடிக் கடைகள் உண்டு. வாசனையைப் பிடித்துக்கொண்டே போனால் போதும். அரைக்கும் இயந்திரத்தின் அருகே லென்ஸ் மாற்றாதீர்கள். அந்தப் பொடி சென்சாரில் ஒட்டினால் ஊதினாலும் போகாது.

ஏசி கடையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் மங்கிவிடுகிறது.

குளிர்ந்த கண்ணாடியில் கடற்கரைக் காற்றின் ஈரம் படிவதால். வெளியே வருவதற்கு முன்பே, ஏசிக்குள்ளேயே, கேமராவை ஜிப் பையில் போட்டு மூடுங்கள். வெளியே 15–20 நிமிடம் கழித்துப் பிரியுங்கள். ஈரம் பையின்மேல் படியும், கேமராமேல் படியாது. மங்கிய லென்ஸைத் துடைத்தால் உப்புப் பூச்சோடு கீறல்தான் மிஞ்சும். அந்த நேரம் லென்ஸைக் கழற்றினால் ஈரம் உள்ளே இறங்கும். வீட்டில் 40–50 சதவீத ஈரப்பதத்தில் வைக்காவிட்டால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் இருந்தாலே காப்பாற்றிவிடலாம்.

எங்கே எடுக்கக் கூடாது?

உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் அனுமதியின்றி எடுக்க முடியாது. 1892இல் எழுந்த அந்தச் செந்நிறக் கோபுரங்களை வெளிச் சாலையிலிருந்து எடுப்பதே வழி. தலைமைச் செயலகம் இருக்கும் புனித ஜார்ஜ் கோட்டை, துறைமுகம், நேப்பியர் பாலத்தருகே உள்ள கடற்படை இடம் ஆகியவற்றின் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். ரயில் நிலையத்துக்குள் வணிகப் படப்பிடிப்புக்கு ரயில்வே அனுமதி தேவை. ஸ்டாண்ட் வைத்தாலே நிறுத்துவார்கள். ட்ரோன் பறக்கவிடுவதற்கு முன் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தின் வரைபடத்தில் அந்த இடத்தின் நிறத்தைப் பாருங்கள். காவலர் நிறுத்தினால் வாக்குவாதம் வேண்டாம். எடுத்ததைக் காட்டி நகர்ந்துவிடுங்கள்.

எடுத்த படத்தை வெளியிடலாமா? எப்படிச் சேமிப்பது?

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கட்டடத்தைப் படமெடுத்து வெளியிடுவதைப் பதிப்புரிமை மீறலாகக் கருதுவதில்லை. சுவரோவியத்துக்கு இந்த விலக்கு கிடையாது. ஓவியமே படத்தின் மையம் என்றால் ஓவியரைக் கேளுங்கள். மனிதர்களின் முகம் தெரியும் படத்தை விளம்பரத்துக்குக் கொடுப்பதானால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

சேமிக்கும்போது கோப்பின் பெயரிலேயே தேதி, தெரு, கட்டடம், நின்ற பக்கம் நான்கும் இருக்கட்டும்: “2025-01-12 பவழக்காரத் தெரு, திண்ணை வீடு, கிழக்கிலிருந்து” என்பதுபோல. கதீட்ரல் சாலையில் 1962 முதல் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008இல் மூடப்பட்டு, அந்த இடம் இன்று செம்மொழிப் பூங்கா. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருந்த ஆர்ட் டெக்கோ தாசப்பிரகாஷும் இடிக்கப்பட்டுவிட்டது. அவற்றுக்குள் லட்சக்கணக்கானோர் காபி குடித்திருப்பார்கள். கூரையையோ தரையையோ எடுத்தவர்கள் கொஞ்சம்தான். அதனால் ஒவ்வொரு கடையிலும் அழகான படத்தோடு ஐந்து சாதாரணப் படங்களும் எடுங்கள்: தெருவிலிருந்து முழு முகப்பு, பெயர்ப்பலகை, வாசலிலிருந்து உள்ளே, கூரை, தரை. தேதியோடு விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றினால் உங்கள் ஹார்ட் டிஸ்க் போனாலும் அவை இருக்கும்.